சீசா குறிப்புகள் – 17: மேசை மேல வெள்ளை வட்டம்

போன வாரம் அரிசியில வண்டு வராம இருக்க என்ன செய்யலாம்னு பார்த்தோம். இந்த வாரம் மேசை. வாடகை வீட்டுல இருக்கிற மாணவர்கள், அடுத்தவங்க வீட்டுல வேலை பாக்குறவங்க, ரெண்டு பேருக்குமே இது வயித்தைக் கலக்குற விஷயம். சூடான பாத்திரத்தை ஒரு நிமிஷம் மரமேசை மேல வச்சு எடுத்தா, பளபளன்னு இருந்த இடத்துல வெள்ளையா ஒரு வட்டம் உக்காந்திருக்கும். துடைச்சாப் போகாது, சோப்பு போட்டாலும் போகாது. நம்ம மேசையா இருந்தா மேல ஒரு துணியை விரிச்சு மறைச்சுடலாம். வீட்டுக்காரம்மா மேசையா இருந்தா முன்பணத்துல கை வைப்பாங்க.

இணையத்துல தேடினா மயோனைஸ் தடவு, பற்பசை தேய், இஸ்திரிப் பெட்டி வை, சாம்பல் போடுன்னு நாப்பது வைத்தியம் கிடைக்கும். ஒண்ணு கூட முழுப்பொய் இல்ல. ஆனா எந்தக் கறைக்கு எது, எந்தப் பூச்சுக்கு எதுன்னு யாரும் சொல்றதில்ல. அதனால வைத்தியம் பண்ணப் போய் மேசையே போயிடுது. அதைத்தான் இன்னிக்குக் கொஞ்சம் விளக்கமா எழுதப் போறேன்.

முதல்ல கறையோட நிறத்தைப் பாருங்க

வெள்ளைன்னா கறை பூச்சுல இருக்கு. கறுப்புன்னா மரத்துல இருக்கு. மொத்தப் பதிவும் இந்த ஒரு வரிதான். நேரம் இல்லாதவங்க இதோட கிளம்பலாம் :-)

மரத்து மேல பாலீஷ்னு நாம சொல்றது கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம். சூடும் ஈரமும் சேர்ந்து பட்டா, படலம் கொஞ்சம் இளகி ஈரம் உள்ள போய் மாட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெற்றிடங்களும் உண்டாகும். அதுல பட்ட வெளிச்சம் நேரா போகாம நாலாபக்கமும் சிதறுது, நமக்கு வெள்ளையாத் தெரியுது. சோப்புத் தண்ணி தெளிவாத்தான் இருக்கு, நுரை மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு? அதே கதைதான். மரத்துக்கு ஒண்ணும் ஆகலை. அதனால வெள்ளை வட்டத்தைப் பார்த்ததும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்காதீங்க. கூரையில ஒழுகுதுன்னு தரையைப் பேத்த மாதிரி ஆயிடும்.

கறுப்பு வேற. தண்ணி ரொம்ப நாள் நின்னு, பூச்சைத் தாண்டி மரத்துக்குள்ள இறங்கியிருக்கு. வால்நட், ஓக், செஸ்ட்நட் மாதிரி மரங்கள்ல டானின்னு ஒரு துவர்ப்புச் சரக்கு நிறைய இருக்கு. அதோட இரும்பும் ஈரமும் சேர்ந்தா கறுப்புச் சாயம் வரும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை பண்ணுவாங்களே, கலம்காரித் துணியில கறுப்புக் கோடு போடுவாங்களே, அதே வேதியியல்தான் உங்க மேசைக்குள்ள நடந்திருக்கு. இது ஒரு நிமிஷத்துல வர்ற கறை இல்ல. இரும்புச் சட்டியோ, பூந்தொட்டி வைக்கிற இரும்பு வளையமோ ஈரத்தோட நாள்கணக்குல உக்காந்திருக்கணும். இந்தக் கணக்கு கொஞ்ச நேரத்துல தேவைப்படும், ஞாபகம் வச்சுக்குங்க.

நம்ம ஊர் அரக்கு, சீசா மேசை

நான் இருக்கிற சீசா பத்தி முன்னாடியே எழுதியிருக்கேன். பலெர்மோவுல ஒரு பகுதி. 1165 வாக்கில முதலாம் வில்லியம் மன்னன் கட்ட ஆரம்பிச்சு அவன் மகன் காலத்துல முடிஞ்ச கோடை மாளிகைதான் அடையாளம். பேரே அல்-அசீஸ்ங்கிற அரபுச் சொல்லுல இருந்து வந்தது. 2015-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. சுற்றுலாக்காரங்க மாளிகையைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. ஆனா மேசை நாற்காலி விஷயத்துல சீசாவோட பெருமை பக்கத்துல வியா பவுலோ ஜீலி தெருவுல இருக்கு.

அங்கதான் வித்தோரியோ துக்ரோவோட மரச்சாமான் தொழிற்சாலை இருந்தது. எர்னெஸ்தோ பாசிலேங்கிற கட்டடக் கலைஞர் வரைஞ்சு கொடுக்க, துக்ரோ பட்டறை செஞ்சு கொடுத்தது. 1902-ல துரின் நகரத்துல நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சிக்கு இவங்க சாமான்கள் போச்சு. பலெர்மோ கடற்கரையில இருக்கிற வில்லா இஜேயா ஹோட்டல், ரோமுல நாடாளுமன்றக் கட்டடம், பெரிய பயணிகள் கப்பல்கள்னு துக்ரோ வேலை போகாத இடம் இல்ல. பிறகு தொழிற்சாலை மூடிப் பாழாக் கிடந்து, 1990-கள்ல நகராட்சி அதைக் கலாசார வளாகமா மாத்தினாங்க. கந்தியேரி குல்துராலின்னு பேரு. நுண்கலைக் கல்லூரி வகுப்பு, சினிமாப் பள்ளி, கண்காட்சின்னு இப்ப எப்பவும் ஆள் நடமாட்டம்.

இப்ப ஒரு வேடிக்கை. அந்தக் காலத்துல இத்தாலியில நல்ல மேசை, அலமாரிக்குப் பொதுவா அடிச்ச பூச்சுக்குப் பேரு கொம்மலாக்கா. நம்ம அரக்குதான்! பலாசம், இலந்தை, பூவம் மரக்கிளைகள்ல ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். இன்னிக்கும் ஜார்கண்ட், சத்தீஸ்கர் பக்கம்தான் அதிகமா எடுக்கிறாங்க. 1924-ல ராஞ்சியில அரக்குக்குன்னே ஓர் ஆராய்ச்சி நிலையம் வச்சாங்க. பழைய 78 சுழற்சி இசைத்தட்டு, தபாலாபீஸ் முத்திரை, மிட்டாய் மேல பளபளப்பு எல்லாத்துலயும் இது உண்டு. அரக்குச் செதிலை ஸ்பிரிட்ல ஊற வச்சு, துணிப் பொட்டலத்தால திரும்பத் திரும்பத் தேய்ச்சா வர்ற மினுமினுப்பைத்தான் நம்ம ஊர் ஆசாரிங்க பிரெஞ்சு பாலீஷ்னு சொல்றாங்க.

அரக்குக்கு மூணு எதிரி: சூடு, தண்ணி, சாராயம். 70 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிச்சிடும். அரக்கு மாளிகையை எதுக்குக் கட்டினாங்கன்னு மகாபாரதம் கேட்ட எல்லாருக்கும் தெரியும். அந்த மேல்பூச்சு மேல சூடான மோக்காவை வச்சா என்ன ஆகும்? அதேதான்.

பூச்சு எதுன்னு கண்டுபிடிக்க

எதையும் தடவுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. மேசையில கண்ணுக்குப் படாத இடம், கால் உள்பக்கமோ கதவு ஓரமோ பார்த்துக்கங்க. காது குடையுற பஞ்சுக் குச்சியில ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு அங்க வைங்க. இங்க சூப்பர் மார்க்கெட்டுல ரோஸ் கலர்ல ஆல்கொல்னு பாட்டில்ல விக்கிறாங்களே, சோதனைக்கு அது போதும்.

ஒட்ட ஆரம்பிச்சா, பஞ்சுல பழுப்பு நிறம் வந்தா – அரக்கு.
ஸ்பிரிட்டுக்குப் பெருசா அசையாம, பெயிண்ட் கடை நைட்ரோ தின்னருக்கு இளகினா – நைட்ரோ லாக்கர். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த சாமான்கள்ல நிறைய இதுதான்.
ரெண்டுக்கும் அசையலைன்னா – பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். இதுல வெள்ளை வட்டம் வர்றதே குறைவு, வந்தா எடுக்கிறதும் கஷ்டம்.
பளபளப்பே இல்லாம மரம் வெறுமையாத் தெரிஞ்சா – எண்ணெயோ மெழுகோ போட்டது.

ரொம்ப மலிவான மேசையில மரமே இருக்காது, மரம் மாதிரி அச்சடிச்ச காகிதமும் பிளாஸ்டிக்கும்தான். அதுல குமிழ் வந்துட்டா வைத்தியம் கிடையாது.

கீழ்வீட்டு அக்காவோட வழக்கு

எங்க கட்டடத்துல கீழ்வீட்டுல ஓர் அக்கா இருக்காங்க. யாழ்ப்பாணம். இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பலெர்மோவுல நம்ம தமிழ்ச்சனம் நிறையப் பேர் பாக்குற வேலைதான் அவங்களுக்கும்: வீட்டு வேலை, வயசானவங்களைப் பாத்துக்கிற வேலை. போன மாசம் ஒருநாள் சாயங்காலம் போன்ல ஒரு படத்தைக் காட்டினாங்க.

"தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ. சிஞ்ஞோரா வீட்டு அலுமாரி. நான்தான் மோக்காவை வச்சனான், இல்லையெண்டு சொல்லேல்ல. டெலிபோன் அடிச்சது, ஓடிப்போய் எடுத்தன். ரெண்டு நிமிசம்தான். இப்ப பாலீஷ்காரனைக் கூப்பிடுற காசைச் சம்பளத்தில பிடிக்கப்போறன் எண்டு நிக்கிறா."

படத்துல ரெண்டு கறை. நடுவுல வெள்ளையா, மோக்கா அடிப்பாகம் அளவுல ஒண்ணு. ஜன்னல் பக்கம் கறுப்பா, அதைவிடப் பெரிய வளையம் ஒண்ணு. சிஞ்ஞோரா ரெண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்காங்க. பாலீஷ்காரர் கறுப்பைப் பார்த்துட்டு, மேல்பலகை முழுக்கச் சுரண்டிப் புதுசாப் பூச்சு போடணும்னு சொல்லியிருக்கார். அவர் சொன்னது சரிதான், கறுப்புக்கு அதுதான் வழி. வெள்ளைக்கு மட்டும்னா அவ்வளவு வேலையே இல்ல.

"அந்தக் கறுப்பு எப்பவும் இருந்ததுதான் தம்பி. மேல துணி கிடந்தது. இப்ப துணியை எடுத்துப்போட்டு எல்லாம் நான்தான் எண்டு சொல்லுறா. எப்பிடிச் சொல்லி விளங்கப்படுத்துறது?"

அக்காவுக்கு இத்தாலியன் மட்டும் இல்ல, சிசிலியன் மொழியே தண்ணி பட்ட பாடு. பேச்சுக்கு நான் தேவையில்ல. கறை எப்படி வருதுன்னு சொல்ல ஓர் ஆள் வேணும், அவ்வளவுதான். சனிக்கிழமை கூடப் போனேன்.

வால்நட் மரம், நூறு வருஷப் பழைய வேலைப்பாடு. துக்ரோன்னு பெயர்த்தகடு எதுவும் இல்ல, யாரும் அப்படிச் சொல்லவும் இல்ல. ஆனா செஞ்ச கை நல்ல கை. சிஞ்ஞோராகிட்ட அனுமதி கேட்டு, அவங்க பாக்கும்போதே கதவு உள்ஓரத்துல பஞ்சுக்குச்சி சோதனை பண்ணேன். பழுப்பா ஒட்டிச்சு. அரக்கு.

அப்புறம் ரெண்டு விஷயம் சொன்னோம். மோக்கா அலுமினியம், அதுல டானினோட சேர்ந்து கறுப்பு ஆக்க இரும்பு இல்ல. ரெண்டாவது, கறுப்பு வளையம் ரெண்டு நிமிஷத்துல வராது. அக்கா ஒண்ணும் பேசாம பால்கனிக்குப் போய், பூந்தொட்டி வைக்கிற துருப்பிடிச்ச இரும்பு வளையத்தைக் கொண்டு வந்து கறுப்பு மேல வச்சாங்க. அச்சுல வார்த்த மாதிரி பொருந்திச்சு. சிஞ்ஞோரா கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, எங்க அம்மா இந்த ஜன்னல்கிட்டதான் செடி வச்சிருந்தாங்கன்னு மெதுவாச் சொன்னாங்க.

சரி, வெள்ளைக்கு என்ன பண்ணோம்?

ஹேர் டிரையரை மிகக் குறைஞ்ச சூட்டுல, ஒரு சாண் தள்ளி, ஒரே இடத்துல நிக்காம ஆட்டிக்கிட்டே பத்து நிமிஷம். நடுநடுவுல கையை வச்சுப் பார்த்தோம், வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. பாதி மங்கிடுச்சு. மீதிக்கு வாசலின் தடவி ராத்திரி முழுக்க விட்டாச்சு. மறுநாள் அக்கா அதை மெல்லிய பருத்தித் துணியால வழிச்செடுத்து, தேன்மெழுகு பாலீஷ் கொஞ்சம் போட்டுத் தேய்ச்சாங்க. இப்பக் குனிஞ்சு, வெளிச்சத்துக்குச் சாய்வாப் பார்த்தாத்தான் தெரியும். கறுப்பு அப்படியே இருக்கு, துணியும் பழையபடி அதுமேல வந்துடுச்சு.

சிஞ்ஞோரா மன்னிப்புன்னு ஒண்ணும் கேக்கலை. மாசக் கடைசியில சம்பளம் முழுசா வந்தது.

சரி, வைத்தியம் வரிசையா

மென்மையான வழியில ஆரம்பிச்சு, போகலைன்னா மட்டும் அடுத்ததுக்குப் போங்க.

1. சும்மா விடுங்க. ஒண்ணு ரெண்டு நாள் காத்தோட்டமா இருந்தா, லேசான வெள்ளை தானாவே மங்கும். பலெர்மோ மாதிரி ஈரக்காத்து ஊருல குளிர்காலத்துல கொஞ்சம் கூட நாள் ஆகும்.

2. ஹேர் டிரையர். மேல சொன்ன மாதிரி. பழைய சாமான்ல மெல்லிய மரத்தகடு ஒட்டியிருப்பாங்க, சூடு கூடினா பசை விட்டுத் தகடு மேல எழும்பிடும். ஜாக்கிரதை.

3. எண்ணெய்ப் பசை. வாசலின் நல்லது, கெட்டுப் போகாது. ராத்திரி தடவிக் காலையில எடுங்க. ஏன் வேலை செய்யுதுன்னா, பஜ்ஜி சுத்தின பேப்பர் எண்ணெய் பட்ட இடத்துல கண்ணாடி மாதிரி ஆகுது பாருங்க, அதே காரணம். சின்ன வெற்றிடங்களை எண்ணெய் நிரப்பினதும் வெளிச்சம் சிதறாமப் போயிடுது. மயோனைஸ் ரகசியமும் அதுல இருக்கிற எண்ணெய்தான். அதுல வினிகரும் முட்டையும் இருக்கு, மேசைக்கு எதுக்கு? ரொட்டிக்கு வச்சுக்கலாம். தேங்காய் எண்ணெய் இங்க குளிருக்கு உறைஞ்சிடும். ஆலிவ் எண்ணெய் பரவாயில்ல, ஆனா மிச்சம் இல்லாமத் துடைக்கணும், இல்லேன்னா பிசுபிசுப்பும் வாடையும் வரும்.

4. இஸ்திரிப் பெட்டி. லாக்கர் பூச்சுக்கு மட்டும். அரக்குன்னா வேண்டவே வேண்டாம், துணி ஒட்டிக்கும். பெட்டியில தண்ணி இல்லாம, ஆவி நிறுத்தி, மிகக் குறைஞ்ச சூடு. காய்ஞ்ச வெள்ளைப் பருத்தித் துணியை மடிச்சுப் போட்டு, மூணு நாலு வினாடி வச்சு எடுத்துப் பாருங்க.

5. ரொம்ப மென்மையா உரசுறது. வெள்ளைப் பற்பசை (ஜெல் வேண்டாம்) அல்லது சலிச்ச சாம்பலை எண்ணெயில குழைச்சு, மர ரேகை ஓடுற திசையில விரலால. இது மேல்பூச்சைத் துளித் துளியாத் தேய்ச்சு எடுக்கிற வேலை, அதனால பளபளப்பு கொஞ்சம் போகும். அப்புறம் மெழுகு போடணும்.

6. ஸ்பிரிட் துணி. தொட்டும் தொடாததுமா ஸ்பிரிட் நனைச்ச துணியை அரக்குப் பூச்சு மேல சர்ருன்னு ஒரு இழு இழுத்தா, மேல்தோல் கரைஞ்சு ஈரம் வெளிய போய் மறுபடி இறுகிடும். பாலீஷ்காரங்க இதை அழகாப் பண்ணுவாங்க. கை ஒரு நொடி நின்னா பூச்சு பேந்து வந்துடும். பழகாதவங்க இதைத் தொட வேண்டாம்.

கறுப்புக்கு ஆக்சாலிக் அமிலம்னு ஒண்ணு ஹார்ட்வேர் கடையில கிடைக்கும். துருக்கறை எடுக்கிற சரக்கு, டானின்-இரும்புக் கறுப்பையும் வெளுக்கும். ஆனா முதல்ல அந்த இடத்துப் பூச்சை எடுக்கணும், அமிலம் போட்டுப் பலமுறை தண்ணியால கழுவணும், காய வச்சுப் புதுசாப் பூசணும். அது விஷம் வேற. தூள் மூக்குல போகக் கூடாது, கையுறை இல்லாமத் தொடக் கூடாது. ஹாஸ்டல் அறையில பண்ற வேலை இல்லீங்க.

மஞ்சள் கறை? நம்ம ஆளுங்களுக்குன்னே வர்றது. சோப்பு நனைச்ச துணியால துடைச்சுக் காய விட்டு, வெளிச்சம் நல்லா படுற இடத்துல மேசையைக் கொஞ்ச நாள் போடுங்க. மஞ்சளோட நிறம் வெளிச்சத்துல தானா வெளுத்திடும்.

செய்யவே கூடாதது: வினிகர், எலுமிச்சை, ஈரமான சமையல் சோடா, பாத்திரம் தேய்க்கிற நார். முதல் மூணும் பூச்சையும் மரத்தையும் கெடுக்கும், நாலாவது கோடு போடும்.

பொருள் உங்களுது இல்லேன்னா

வீட்டுக்குக் குடி போற அன்னிக்கே, வேலைக்குச் சேர்ற வாரமே, மேசை அலமாரி மேல இருக்கிற துணியைத் தூக்கிப் பாருங்க. ஏற்கெனவே இருக்கிற கறையைப் படம் எடுத்து வீட்டுக்காரங்களுக்கே அனுப்பிடுங்க, அப்பத் தேதியும் பதிவாகும். ஏதாவது ஆயிடுச்சுன்னா ஒளிச்சு வச்சு வைத்தியம் பண்ணாதீங்க, சொல்லிட்டு, கேட்டுட்டுத் தொடுங்க. ஒருத்தர் பழைய கறைக்கும் சேர்த்துப் பணம் கேட்டா, வெள்ளையா கறுப்பான்னு கேளுங்க. எவ்வளவு நாள் பழசுன்னு பெரும்பாலும் கறையே சொல்லிடும்.

வருமுன் காக்க ரெண்டு யூரோவுக்கு ஃபெர்ரமேந்தாவுல கார்க் தட்டு கிடைக்குது. பிரிமணைன்னு நான் சொன்னேன். "அது திருகணை தம்பி"ன்னு அக்கா திருத்தினாங்க. எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் சரி, மோக்கா பக்கத்துல ஒண்ணு, சோத்துப் பானை பக்கத்துல ஒண்ணு வாங்கிப் போடுங்க.

டிஸ்கி: விலை மதிப்புள்ள பழங்காலச் சாமான்னு சந்தேகம் வந்தா, வாசலினோட நிறுத்திக்கிட்டுப் பாலீஷ்காரரைக் கூப்பிடுங்க.

அடுத்த வாரம்: ஹீட்டர் இல்லாத வீட்டுல ஜனவரி மாசம் துணி காய வைப்பது எப்படி.